‘எப்படித் தெரியும்?’: கட்டுரையில் சான்றோடு எழுதப் பழக்கிய அனுபவம்

பள்ளிக் கட்டுரை எழுதும் பிள்ளைகளுக்குக் கருத்துப் பஞ்சமே கிடையாது. ‘மரம் வளர்க்க வேண்டும்’, ‘செல்போனைக் குறைக்க வேண்டும்’ என்று வரிக்கு வரி ‘வேண்டும்’ வரும். ஏன் என்று கேட்டால் அதே கருத்தை இன்னும் அழுத்திச் சொல்வார்கள். எட்டாம் வகுப்பில் என் மகள் எழுதியதும் இப்படித்தான். ஆசிரியர் ஓரத்தில் ‘சான்று தருக’ என்று எழுதி அனுப்புவார். எது சான்று, அதை எங்கே தேடுவது என்பதை வீட்டில் உட்கார்ந்துதான் பழக்க வேண்டியிருந்தது.

ஒரு கட்டுரையை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். தலைப்பு, ‘வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் தேவை’. நாங்கள் சென்னையில் இருக்கிறோம். அவள் முதலில் எழுதியது: ‘மழைநீரைச் சேகரித்தால் தண்ணீர்த் தட்டுப்பாடு தீரும். நீரின்றி அமையாது உலகு என்றார் வள்ளுவர்.’

குறளை மேற்கோள் காட்டினால் சான்று தந்தாயிற்று என்றே நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நீர் முக்கியம் என்பதை யாருமே மறுக்கவில்லையே! மொட்டைமாடியில் விழும் மழையைப் பிடிப்பதால் பலன் உண்டா என்பதுதான் இங்கே பேச்சு. அதற்குக் குறளில் விடை இல்லை. குறள் முன்னுரையில் அழகாக இருக்கும், அங்கேயே இருக்கட்டும் என்றேன்.

அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: ‘எப்படித் தெரியும்?’ இதைக் கேட்கிற தொனி முக்கியம். விசாரணை மாதிரி கேட்டால் பிள்ளை நோட்டை மூடிவிடும். அதனால் இரவுச் சாப்பாட்டின்போது நான் ஏதாவது ஒரு கருத்தைச் சொல்வேன், அவள் என்னை மடக்க வேண்டும். ‘எப்படித் தெரியும்மா?’ என்று கேட்டுக் கேட்டுப் பழகியபின், தன் வரிகளையும் தானே கேட்கத் தொடங்கினாள்.

‘தட்டுப்பாடு தீரும்’ என்ற வரிக்குக் கணக்கு நோட்டு வந்தது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். மொட்டைமாடியில் 600 சதுர அடியை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஏறக்குறைய 56 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. பெருக்கினால் 78,400 லிட்டர். வழிந்தும் ஆவியாகியும் போவதற்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் சுமார் 62,000 லிட்டர். இந்த எண்ணை அப்படியே எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தோன்றாது. ‘எங்கள் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் லாரியில் இது ஐந்து லாரித் தண்ணீர்’ என்று அவளே சேர்த்தாள். அந்த ஒரு வரி போதும், கட்டுரை நிமிர்ந்துவிட்டது.

அடுத்து இரண்டு செய்திகளைத் தேடி எடுத்தாள். தமிழ்நாட்டில் 2003இல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்தது. இரண்டும் உண்மைதான். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘2003லேயே கட்டாயமாக்கியும் 2019இல் ஏன் தட்டுப்பாடு? அப்படியானால் திட்டத்தால் பயனில்லையே?’ என்று எதிர்த்தரப்பு கேட்கும். நானும் கேட்டேன். அவள் முகம் வாடி, 2003 பற்றிய வரியை அடித்துவிடப் போனாள். நான் விடவில்லை. தனக்கு எதிராகத் திரும்பக்கூடிய சான்றை மறைக்காமல் அதற்குப் பதில் தேடுவதைத்தான் பிள்ளைகள் கட்டாயம் கற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பதில் இரண்டு இடங்களில் கிடைத்தது. 2018இல் வடகிழக்குப் பருவமழை சென்னையை ஏமாற்றியதால் ஏரிகள் நிரம்பவில்லை. மாடியில் பிடிக்கும் நீர் சேர்வதோ நிலத்தடிக்கு. ஆகவே 2019, ஏரிகளை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குத்தான் சான்று. இரண்டாவது இடம் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளம். மழைநீர்க் குழியின் மூடியைத் திறந்து பார்த்தோம். ஜல்லியும் மணலும் தெரியாத அளவுக்கு மக்கிய இலையும் சேறும். மாடியிலிருந்து வரும் குழாய் வளைவில் கழன்று, வாய் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. அவள் படம் பிடித்துக்கொண்டாள்.

அதோடு அவளுடைய கருத்தே மாறியது. ‘கட்டினால் மட்டும் போதாது, ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் குழியைத் தூர்வாருவதையும் கட்டாயமாக்க வேண்டும்’ என்று எழுதினாள். எனக்கு மிகவும் பிடித்த வரி இதுதான். ‘சென்னையில் எல்லாக் குழிகளும் இப்படித்தான் கிடக்கின்றன’ என்றும் எழுதியிருந்தாள். பார்த்தது ஒரு குழி. ‘எங்கள் குடியிருப்பில்’ என்று திருத்தச் சொன்னேன்.

எங்கே தேடுவது என்று கேட்பவர்களுக்கு: பாடப்புத்தகமே முதல் இடம். ஏரி நீர்மட்டத்தைக் குடிநீர் வாரியம் தன் இணையதளத்தில் அன்றாடம் வெளியிடுகிறது. தாத்தா பாட்டி சொல்வதும் சான்றுதான். யார், எந்தக் காலத்தைப் பற்றிச் சொன்னார் என்று சேர்த்து எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்ததை வேறு இடத்தில் சரிபார்க்காமல் எடுக்கக் கூடாது. ‘ஆய்வுகள் கூறுகின்றன’ என்ற தொடருக்கு எங்கள் வீட்டில் தடை. எந்த ஆய்வு, யார் செய்தது என்று சொல்ல முடிந்தால் எழுது, இல்லாவிட்டால் வேண்டாம்.

தேர்வறையில் எதையும் தேட முடியாது. அதனால் வழக்கமாக வரும் தலைப்புகளுக்கு இரண்டிரண்டு சான்றுகளை நன்றாகப் புரிந்து மனத்தில் வைத்தால் போதும். குறிப்புச் சட்டகத்தில் ஒவ்வொரு துணைத்தலைப்புக்கும் புள்ளிவிவரம் வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆண்டு நினைவில் இல்லையென்றால் ‘சில ஆண்டுகளுக்கு முன்’ என்று எழுதலாம். ‘80 சதவீத மக்கள்’ என்று வாய்க்கு வந்ததை எழுதும் பழக்கத்தை மட்டும் முளையிலேயே கிள்ளிவிடுங்கள். திருத்துபவர் கண்டுபிடிக்காமல் மதிப்பெண் கிடைத்துவிட்டால் அது அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

பெற்றோர் எவ்வளவு உதவலாம்? வாக்கியத்தை நாம் எழுதித் தரக் கூடாது. நான் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவதோடு சரி. அதற்குப் பதிலை அவள் வாயால் சொல்வாள். பெரும்பாலும் அந்தப் பதில் நோட்டில் இருப்பதைவிட நன்றாக இருக்கும். ‘இதையே எழுது’ என்பேன்.