சவரக்கத்திக்குத் தோய்ச்சல்: இரண்டு போச்சு, மூன்றாவது நின்றது

நானே செய்கிற மூன்றாவது சவரக்கத்தி நேற்று ராத்திரி தோய்ச்சலுக்காக, அதாவது பழுக்கச் சுட்டுச் சட்டென்று குளிரவைத்துக் கெட்டிப்படுத்த, எண்ணெயில் இறங்கியது. வளையவில்லை, கீறவில்லை, அரத்தை வைத்து இழுத்தால் கண்ணாடி மேல் போவதுபோல வழுக்குகிறது. ஐந்து மாதமாக இதற்காகத்தான் மாடியில் புகை போட்டுக்கொண்டிருந்தேன்.

எஃகு இஎன் 31, பேரிங் செய்கிற அதே சரக்கு. ஒரு சதவீதம் கார்பன், ஒன்றரை சதவீத அளவில் குரோமியம். கோவையில் பட்டையாகவே வெட்டிக் கொடுக்கிறார்கள். தண்ணீரில் தோய்க்க வேண்டியதில்லை, எண்ணெயே போதும் என்பதால் இதை எடுத்தேன். இவ்வளவு மெல்லிய சாமானைத் தண்ணீரில் விட்டால் கீறல் விழ நிறைய வாய்ப்பு.

முதல் கத்தி போனது ஆர்வக் கோளாறில். இரும்பு மெத்தென்று இருக்கும்போதே இரு பக்கமும் குழிவாகச் சாணை பிடித்து, விளிம்பைக் காகிதம்போல ஆக்கிவிட்டுத்தான் நெருப்பில் வைத்தேன். முதுகு 6 மில்லிமீட்டர், விளிம்பு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. முதுகு சிவப்பதற்குள் விளிம்பு ஆரஞ்சுக்குப் போய்விட்டது. எண்ணெயிலிருந்து எடுத்தால் பொரித்த அப்பளம் மாதிரி அலை அலையாக நெளிந்திருந்தது. கோபத்தில் வைஸில் பிடித்து உடைத்தேன், உடைந்த இடம் ரவையைக் கொட்டியதுபோலப் பொரபொரவென்று மின்னியது. சூடு மிஞ்சி, எஃகுக்குள் இருக்கும் பொடிப்பொடி மணிகள் பெருத்துவிட்டன என்று அர்த்தம்.

அந்தத் துண்டை எங்கள் பக்கம் அரிவாள் அடிக்கும் பெரியவரிடம் காட்டினேன். முறிவைப் பார்த்ததுமே, "தம்பி, வெயில்ல நின்னு நிறம் பாத்தீங்களா?" என்றார். ஆமாம், மொட்டை மாடி, மத்தியானம். வெயிலில் சிவப்பு மங்கலாகத் தெரிய, இன்னும் ஏறட்டும் என்று ஊதிக்கொண்டே இருந்திருக்கிறேன். அதிலிருந்து ஏழு மணிக்கு மேல்தான் அடுப்பு, அதுவும் விளக்கை அணைத்துவிட்டு.

இரண்டாவதுக்குக் கொஞ்சம் ஒழுங்காக இறங்கினேன். தீச்செங்கல் அடுப்பு, கேஸ் பர்னர், நடுவில் ஓர் இரும்புக் குழாய், கத்தி அதற்குள். சுவாலை நேராகப் படாததால் சூடு சமமாக ஏறுகிறது. சூட்டை அளக்க கே டைப் தெர்மோகப்பிள் கம்பி ஒன்றையும் செருகினேன். அது காட்டும் எண்ணை நம்பலாமா என்று பார்க்க, எஃகுத் துண்டின் மேல் ஒரு சிட்டிகை சமையல் உப்பு வைத்தேன். உப்பு உருகுவது 801 டிகிரியில். மீட்டர் 806 காட்டும்போது வெள்ளைத் துகள்கள் ஒவ்வொன்றாகக் கண்ணீர்த்துளி மாதிரி உருண்டு படிந்தன. போதும். காந்தம் ஒட்டாமல் போவது இதற்கு முன்பே நடந்துவிடுகிறது, ஆனால் இஎன் 31க்கு அதோடு நிறுத்தினால் பத்தாது, குரோமியத்தோடு கட்டிக்கிடக்கும் கார்பன் கரைய 820 வாக்கில் பத்து நிமிடமாவது ஊற வேண்டும்.

விளிம்பை இந்த முறை 1 மில்லிமீட்டர் தடிமனில் விட்டேன். எண்ணெயில் போய் நேராகவே வந்தது. பதினோரு மணி ஆகிவிட்டதே, சூடு காட்டுவதை, அதாவது மிதமான சூட்டில் மறுபடி வாட்டி இறுக்கத்தைத் தளர்த்துவதை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மேசையில் வைத்துவிட்டுப் படுத்தேன். பாதித் தூக்கத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால் வால் பக்கத்திலிருந்து முதுகு வரை ஒரு முடிக் கீறல். திடீரென்று குளிரும்போது எஃகின் அமைப்பே மாறி லேசாகப் பருக்கிறது, அந்த இறுக்கம் உள்ளேயே நிற்கிறது. அதை உடனே தளர்த்தாமல் நான் தூங்கிவிட்டேன். உடைத்துப் பார்த்ததில் முறிவு சாம்பல் நிறத்தில் பட்டுப்போல இருந்தது. அதாவது சூடு சரி, சோம்பல்தான் தப்பு.

மூன்றாவதுக்கு அம்மா முறுக்குக்கு வாங்கி வைத்திருந்த கடலை எண்ணெய் இரண்டு லிட்டர் போனது. 55 டிகிரிக்குச் சுட வைத்தேன். வெதுவெதுப்பான எண்ணெய்தான் இளகி ஓடி வேகமாகக் குளிர்விக்கும். விளிம்பு கீழே பார்க்க நேர் செங்குத்தாக இறக்கினேன், பக்கவாட்டில் அசைக்கவே இல்லை. ஏழெட்டு நொடியில் எடுத்து, புகையும்போதே இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் அழுத்தினேன். 200 டிகிரி வாக்கு வரை எஃகு இன்னும் சொன்னபடி கேட்கும், அதற்குக் கீழே போய்விட்டால் வளைவை எடுக்க நினைக்கவே கூடாது.

கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், சூடு காட்ட நேராக ஓடிஜி மின் அடுப்புக்குள். இந்த அடுப்பு பொய் சொல்லும் என்பதை முந்தின வாரமே கண்டுபிடித்திருந்தேன்: திருகு 190இல் நிற்க, உள்ளே வைத்த தெர்மாமீட்டர் 235 வரை ஏறி இறங்கியது, பளபளப்பாகத் தேய்த்து வைத்த துண்டு பழுப்புக்குப் போய்விட்டது. அந்தச் சூட்டில் சவரக்கத்தி ரொம்ப மெத்தென்று ஆகிவிடும். அதனால் தட்டில் காய்ந்த மணலைப் பரப்பி, கத்தியை அதில் புதைத்து, தெர்மாமீட்டர் 190ஐத் தொடும் இடத்தில் திருகை நிறுத்தினேன். இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். தேய்த்துப் பார்த்தால் காய்ந்த வைக்கோலைவிட ஒரு படி வெளிறிய மஞ்சள்.

இருபது ரூபாய் ரேசருக்கு இவ்வளவு கூத்தா என்று வீட்டில் கேட்கிறார்கள். மைக்கேல் ஃபாரடேயே 1820களில் தன் எஃகுக் கலவைகளில் சவரக்கத்தி செய்யவைத்து நண்பர்களுக்குக் கொடுத்தவர்தான், அவர் கூட்டாளி ஸ்டோடார்ட் நம் தென்னிந்திய உக்கு எஃகை மெச்சியவர் என்றெல்லாம் எடுத்துவிட்டேன். எடுபடவில்லை. "எண்ணெய் வாங்கிட்டு வா" என்றார் அம்மா.

இனி சாணை. அகலம் 20, முதுகு 6, அப்படியென்றால் கல்லில் படுக்கவைக்கும்போது விளிம்புக் கோணம் தானாக 17 டிகிரிக்கு வந்துவிடும். கையுறை இல்லாமல்தான் பிடிக்கிறேன், விரலுக்குச் சுட்டதும் வாளியில் முக்க வேண்டும், விளிம்பில் நீலம் தெரிந்தால் நேற்றைய வேலை முழுக்கப் போச்சு. இன்றைக்கு விளிம்பு 0.4 மில்லிமீட்டர் வரை வந்திருக்கிறது, வால் பக்கம் மட்டும் கொஞ்சம் தடிப்பு.