போஞ்சி, கலர், அக்கானி: நம்ம ஊரு சீசன் ஃபிளேவர்

சீசன் ஃபிளேவர்னு கம்பெனிக்காரன் டின்ல அடைச்சு விக்கதுக்கு எவ்வளவோ முன்னாடியே நம்ம குமரி மாவட்டத்துல மாசத்துக்கு ஏத்த மாதிரி பாத்துதான் குடிச்சிட்டு இருக்கோம், இதப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை, வெயிலும் ஆரம்பிச்சாச்சு, இப்ப எழுதிடுதேன்.

அமெரிக்காவுல இருக்க சித்தி மவன் போன டிசம்பர்ல ஒரு போட்டோ அனுப்பினான், கிறிஸ்மஸ் சமயத்துல மட்டும் கடைக்கு வர கிரான்பெரி ஸ்பிரைட். அங்கயும் குளிர்பானத்துக்கு ஏரியாவுக்கு ஒரு பேராம், மிட்வெஸ்ட் பக்கம் பாப், கலிஃபோர்னியாவுல சோடா, தெக்கு மாநிலங்கள்ல எந்த கம்பெனி சரக்கா இருந்தாலும் கோக்னே கேக்கவங்க ஒருபாடு பேர் உண்டாம். ஜப்பான்ல 2007 கோடைக்கு பெப்சிக்காரன் வெள்ளரிக்கா ஃபிளேவரே இறக்கினான். அது நல்ல ஐடியான்னுதான் எனக்கு தோணுது, வெயிலுக்கு வெள்ளரி நமக்கும் தெரிஞ்சதுதான.

நம்ம கதைக்கு வருவோம். நாகர்கோவில்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தந்தா அது போஞ்சி. "அண்ணாச்சி, ஒரு போஞ்சி, சீனி கம்மியா போடுங்க", அவ்வளவுதான். திருவனந்தபுரத்துலயும் இதே போஞ்சிதான், 1956 நவம்பர் 1ல தமிழ்நாட்டோட சேரது வரைக்கும் நமக்கு தலைநகரம் அதுதான, பேச்சு அங்கயும் இங்கயும் ஒண்ணா கெடந்துருக்கு. கேரளா பார்டர்ல இருக்க களியக்காவிளை பக்கம் போனா நாரங்கா வெள்ளம்னும் கேக்கலாம், வெள்ளம்னா தண்ணி. பாட்டில்ல வர இனிப்பு சோடா எல்லாமே கலர், ஆரஞ்சோ பன்னீரோ பவண்டோவோ எதுவா இருந்தாலும் சரி, வீட்டுக்கு ஆள் வந்தா அம்மா பின்வாசல் வழியா "மக்ளே ஓடிப்போய் ரெண்டு கலர் வாங்கிட்டு வா"ன்னு தான் அனுப்புவா. பவண்டோ போடுத காளிமார்க் 1916ல விருதுநகர்ல ஆரம்பிச்சது. 2017 ஜல்லிக்கட்டு போராட்டத்துக்கு பெறவு மார்ச் 1ல இருந்து கோக் பெப்சி விக்கமாட்டோம்னு வியாபாரி சங்கங்கள் சொன்னப்போ பவண்டோவுக்கு நல்ல மவுசு வந்துது, எனக்கு அதுல ரொம்ப சந்தோசம்.

ஆனா எனக்கு எல்லாத்துக்கும் மேல பழ சர்பத்தாக்கும். அத போடுதத நின்னு பாக்கணும். கண்ணாடி கிளாஸ்ல ஒரு சின்ன வாழப்பழத்த உரிச்சுப் போட்டு நீள ஸ்பூன் வச்சு மசிப்பாங்க, முழுசா கூழாக்க மாட்டாங்க, நடுவுல சின்னச் சின்ன கட்டி கெடக்கணும், மேல நன்னாரி பாகு, அரை மூடி எலுமிச்ச, பெறவு ஐஸ் தண்ணி, சோடா வேணும்னா கோலி சோடா. கோலிய அமுக்கினதும் சொய்ங்னு கேஸ் வந்து நுரை கிளாஸ் விளிம்பு வரைக்கும் ஏறும், அடங்குத வரைக்கும் பொறுக்கணும். அந்த பாட்டில் டிசைன் இங்கிலாந்துக்காரர் ஹைரம் காட் 1872ல பேட்டன்ட் வாங்கினது, மூடியே கெடையாது, உள்ள இருக்க கேஸ்தான் கோலிய கழுத்துல இருக்க ரப்பர் வளையத்தோட சேத்து அழுத்திப் பிடிக்கும். பழம் நம்ம ஊரு மட்டி வாழப்பழமா இருந்தா மணமே வேற. கன்னியாகுமரி மட்டிக்கு 2023ல புவிசார் குறியீடும் கெடச்சாச்சு, அத விட நல்ல ஃபிளேவர் எந்த ஃபாரின் சிரப்புல இருக்கு சொல்லுங்க.

மாசி மாசம் சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம், முஞ்சிறை திருமலையில இருந்து திருநட்டாலம் வரைக்கும் 12 கோயில், காவித்துண்டும் விசிறியுமா "கோவிந்தா கோபாலா"ன்னு ஓடி வரவங்களுக்கு வழி நெடுக பானகமும் மோரும் சுக்கு வெள்ளமும் குடுப்பாங்க. அதே மாசம்தான் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவும்.

அக்கானி சீசன் வந்துட்டா மத்ததெல்லாம் பெறவுதான். பதநீர்னு மத்த ஊர்ல சொல்லுதது. கலயத்துக்கு உள்பக்கம் சுண்ணாம்பு தடவி பனம்பாளையில கட்டுவாங்க, சுண்ணாம்பு இல்லன்னா புளிச்சு கள்ளாயிரும். பனையோலைய மடக்கி பட்டை கட்டி அதுல ஊத்தி, ரெண்டு நொங்கும் நோண்டிப் போட்டுத் தருவாங்க, ரெண்டு கையாலயும் பிடிச்சு குடிக்கும்போ மூக்குல பச்சை ஓலை வாசம் ஏறும். டம்ளர்ல குடிச்சா அது கெடையாது.

இப்ப ஹைவே ஓரத்துல புதுசா வந்துருக்க ஜூஸ் கடை நெறைய இடத்துல வருசம் முழுக்க நீலக்கலர் மோஹிட்டோதான், போர்டுல போஞ்சிங்கற பேரே இல்ல, பழ சர்பத் கேட்டா பையன் முழிக்கான். எனக்கு இது வருத்தமாக்கும். பனையேறுத ஆளு வருசா வருசம் கொறஞ்சிட்டே வருது, இருக்கவங்க எறக்கி கொண்டு வரதயாவது நாம வாங்கிக் குடிக்க வேண்டாமா? கொல்லாம்பழம், அதாவது முந்திரிப்பழம், சீசன்ல பழம் தோப்புல விழுந்து அழுகிட்டு கெடக்கு, கொட்டைய மட்டும் எடுத்துட்டு பழத்த எறிஞ்சிடுதோம், காட்டுப்பலா மாதிரி இருக்க அயனிச்சக்கையும் அப்பிடித்தான், யாராவது ஒரு சோடா கடைக்காரர் அதுல ஒரு பாகு காய்ச்சிப் பாத்தா மொத ஆளா போய் நிப்பேன்.

பங்குனி சித்திரையில இந்தப் பக்கம் வரவங்க காலையிலயே ரோட்டோரம் பாத்துட்டே வாங்க, வெயில் ஏறினா அக்கானி ருசி மாறிரும். சைக்கிள்லயோ மரத்தடியிலயோ ஓலை கட்டி வச்சிருந்தா அங்க நிறுத்துங்க, பட்டையிலதான் வேணும்னு கேளுங்க.