முதலில் டயர், பிறகுதான் உயரம்

மாருதியின் சிறிய ஜீப் வகை வண்டியான ஜிம்னியை வாங்கிய ஆறாம் மாதத்தில் அதை இரண்டு அங்குலம் உயர்த்தினேன். டயரைப் பற்றி யோசித்தது அதற்கும் சில மாதங்கள் கழித்துத்தான். இந்த வரிசை தலைகீழானது என்பதை 2024 ஜூலை மழையில், கர்நாடகத்தின் சக்லேஷ்பூர்ப் பக்கம் நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டத்துப் பாதையில், சக்கரங்கள் சுழன்றுகொண்டிருக்க வண்டி மட்டும் அசையாமல் நின்றபோது தெரிந்துகொண்டேன்.

டிராக்டர்கள் ஓடி ஓடி இரு பக்கமும் பள்ளம் விழுந்து, நடுவில் மண்மேடு எழுந்து நிற்கும் பாதை அது. கம்பெனி கொடுத்த டயர்களின் வரிகளில் செம்மண் அப்பி அவை வழுவழுவென்று ஆகிவிட்டிருந்தன. பிடிமானம் போன சக்கரங்கள் பள்ளத்தை மேலும் தோண்ட, பின்பக்கச் சக்கரங்களுக்கு எஞ்சினின் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் நடுமேட்டின் மேல் உட்கார்ந்துகொண்டது. தோட்டத்து ஜீப்பை ஓட்டிவந்த தமிழர் கயிறு கட்டி இழுத்துவிட்டார். பிறகு குனிந்து வண்டியின் அடியைப் பார்த்துவிட்டு, “மேல தூக்கியிருக்கீங்க சார், கீழ அப்படியேதான இருக்கு?” என்றார். எத்தனையோ இரவுகள் காணொளி பார்த்துச் சேர்த்த என் அறிவு அந்த ஒரே கேள்வியில் கரைந்துபோனது.

அவர் சொன்னது முழு உண்மை. ஜிம்னிக்கு முன்னும் பின்னும் இரும்பு உருளையாலான முழு அச்சு இருக்கிறது. ஸ்பிரிங்குகள் அந்த அச்சின் மேல் நிற்கின்றன. எனவே ஸ்பிரிங்கை நீளமாக்கினால் உயர்வது உடல் மட்டுமே. பம்பர் உயரும், சக்கரக் குழிக்குள் இடம் கூடும், மேட்டின் முனையில் வயிறு தட்டுவது குறையும். ஆனால் அச்சும், அதன் நடுவே தொங்கும் டிஃபரென்ஷியல் குண்டும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்பதைத் தீர்மானிப்பது டயரின் ஆரம் ஒன்றுதான். நான் செலவழித்து மாட்டிய, உடலை உயர்த்தும் லிஃப்ட் கிட் அந்தக் குண்டை ஒரு மில்லிமீட்டர்கூட உயர்த்தவில்லை.

பெங்களூர் திரும்பியதும் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கம்பெனி அளவு 195/80 ஆர்15. அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 80 விழுக்காடு, ரிம்மின் விட்டம் 15 அங்குலம். இவற்றைக் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 693 மி.மீ. உயர்த்திய ஜிம்னிக்கு எல்லோரும் பரிந்துரைக்கும் 235/75 ஆர்15-இன் விட்டம் 733 மி.மீ.க்குச் சற்று மேல். வித்தியாசம் 40 மி.மீ. என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அச்சுக்கு அடியில் கிடைப்பது அதில் பாதி, அதாவது 20 மி.மீ. மட்டுமே. அதற்கு நாம் கொடுக்கும் விலைதான் பலரும் பேசாமல் விடுவது.

டயரின் சுற்றளவு கிட்டத்தட்ட 6 விழுக்காடு கூடும்போது ஒவ்வொரு கியரும் அதே அளவுக்கு நீண்டுவிடுகிறது, அதாவது இழுக்கும் வலு குறைகிறது. 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 134 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, இவ்வளவுதான் ஜிம்னியின் கையிருப்பு. டீசலில் ஓடும் மஹிந்திரா தார் ஜீப்புக்கு உறைக்காத இழப்பு இதற்கு ஒவ்வொரு ஏற்றத்திலும் உறைக்கும். வேகமானி 80 என்று காட்டும்போது வண்டி 85-க்கு அருகில் ஓடலாம். பெரிய, கனமான சக்கரத்தை நிறுத்தப் பழைய பிரேக்கே கூடுதலாக உழைக்க வேண்டும். இவற்றோடு, 235 அகலமுள்ள டயருக்குக் குறைந்தது 6 அங்குல அகல ரிம் வேண்டும். என் வண்டியின் ரிம் 5.5 அங்குலம். ஆகவே டயரோடு ரிம்மும் வாங்க வேண்டும், அதுவும் நான்கல்ல, ஐந்து. பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியை மறந்துவிட்டுக் கணக்குப் போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்தக் கூடுதல் எடை முழுவதும் கதவின் கீல்களில்தான் தொங்கும்.

சட்டம் வேறு இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. என் லிஃப்ட் கிட்டையே அந்தப் பிரிவின் முன் நிறுத்தினால் நெஞ்சை நிமிர்த்திப் பேச எனக்கு வழியில்லை. மட்கார்டுக்கு வெளியே துருத்தி நிற்கும் சக்கரங்களையும் சேர்த்து ஊரையே கூப்பிட்டுக் காட்டுவானேன்?

ஜே.சி. ரோட்டில் ஏறி இறங்கிய கடைகளில் ஒன்றில், வாணியம்பாடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கல்லாவில் இருந்தார். நான் அளவுகளைச் சொல்லிக்கொண்டே போனபோது கையை உயர்த்தி நிறுத்தி, “தம்பி, மாசத்துல எத்தன நாள் சேத்துல ஓட்டுவீங்க?” என்று கேட்டார். இரண்டு என்றேன். அதுவும் கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். மற்ற நாட்களில் என் வண்டி அல்சூரிலிருந்து வெளிவட்டச் சாலைக்குப் போய்வருகிறது.

அந்தக் கேள்விக்குப் பிறகு மட் டெரைன் டயரின் ஆசை விட்டது. பெரிய பட்டன்களும் அகன்ற இடைவெளிகளும் கொண்ட அந்த டயர் சேற்றைத் தானே உதறித் தள்ளும். செம்மண் பாதையில் அதற்கு ஈடில்லை. ஆனால் அதே இடைவெளிகளால் தார்ச்சாலையில் தரையைத் தொடும் ரப்பர் குறைகிறது. நனைந்த சாலையில் நீரைக் கீறிப் பிடிக்கும் நுண்வரிகளும் அதில் சொற்பம். மழை பிடித்த மாலையில் மேம்பாலத்து இறக்கத்தில் முன்னால் ஓர் ஆட்டோ திடீரென நின்றால் நமக்குத் தேவைப்படுவது சேற்றுப் பிடிமானம் அல்ல. போதாததற்கு, வொயிட் டாப்பிங் செய்த கான்கிரீட் சாலைகளில் அது எழுப்பும் ரீங்காரத்தை நண்பர் ஒருவரின் வண்டியில் அரைமணி நேரம் கேட்டிருக்கிறேன். பக்கத்து இருக்கைக்காரரோடு பேச முடியவில்லை. ஆக, சேற்றுக்கும் தார்ச்சாலைக்கும் பொதுவான ஆல் டெரைன் என்று முடிவானது.

அளவில் நான் தேர்ந்தது 215/75 ஆர்15. விட்டம் 703 மி.மீ.க்குச் சற்று மேல். கம்பெனி அளவைவிட ஒன்றரை விழுக்காடுதான் கூடுதல். பழைய ரிம்மிலேயே உட்காரும், கியர்களுக்கு வேறுபாடு தெரியாது, வேகமானிகள் பொதுவாகவே கொஞ்சம் கூட்டிக் காட்டுவதால் அந்தப் பிழையும் அதற்குள் அடங்கிவிடும். இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்த காரணம், இது மஹிந்திரா பொலேரோவின் அளவு என்பதே. பொலேரோ ஓடாத தாலுகா இந்த நாட்டில் அநேகமாக இல்லை. சக்லேஷ்பூரில் பக்கச்சுவர் கிழிந்தால், மாலைக்குள் ஏதோ ஒரு டயராவது கிடைக்கும் அளவு இது. 235 என்றால் பெங்களூரிலிருந்து லாரியில் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம்.

இரண்டு இடங்களில் ஏமாற இருந்தேன். ஒன்று, லாரி டயர்போல உறுதியானது என்று சொல்லிக் காட்டப்பட்ட எல்.டி. (லைட் டிரக்) வகை. கனமான வண்டிகளுக்கு அது சரி; 1,200 கிலோ எடையுள்ள ஜிம்னிக்கு அதன் பக்கச்சுவர் விறைப்பானது. வளைந்து கல்லைக் கவ்வ வேண்டிய டயர் வளையாமல் துள்ளும், எடையும் கூடும். கம்பெனி டயரின் சுமைக் குறியீடான 96 என்பதே ஒரு டயருக்கு 710 கிலோ. முழுச் சுமையோடும் 1,600 கிலோவைத் தொடாத வண்டிக்கு அது தாராளம். அதற்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். மற்றொன்று, இன்னொரு கடையில் நல்ல தள்ளுபடியோடு வந்த ஐந்து டயர்கள். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியீட்டின் கடைசியில் உள்ள நான்கு எண்களைப் பார்த்தேன்: 1521. அதாவது 2021-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரத் தயாரிப்பு. மூன்று ஆண்டுகள் கிடங்கில் கிடந்த ரப்பர். கடைக்காரர் “புதுசுதான் சார், ஓடவே இல்ல” என்றார். ஓடவில்லை என்பது மெய்தான்.

பெரியவரிடமே ஐந்தும் வாங்கினேன். அலைன்மென்ட் பார்த்தபோது, உயர்த்தியதால் முன்அச்சின் சாய்வு குறைந்திருந்ததும், நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலைந்ததற்கு அதுவே காரணம் என்பதும் தெரிந்தது. அதைச் சரிசெய்யும் புஷ்களை உயர்த்திய அன்றே மாட்டியிருக்க வேண்டும்.

செப்டம்பரில் அதே தோட்டத்துக்குப் போனேன். வாசலிலேயே காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினேன். காற்று குறைந்தால் டயர் நீளவாக்கில் படர்ந்து மண்ணை அணைக்கும். அச்சும் சில மில்லிமீட்டர் தாழும் என்பதால், பாடுபட்டுச் சேர்த்த உயரத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. மேடு வந்த இடத்தில் இந்த முறை பள்ளங்களில் இறங்கவில்லை. இடப்பக்கச் சக்கரங்களை நடுமேட்டின் மேலும், வலப்பக்கத்தவற்றைப் பாதையின் வெளி ஓரத்திலும் ஏற்றி, முதல் கியரில் மெதுவாக ஊர்ந்தேன். பாதி தூரத்தில் இடச்சக்கரம் மேட்டிலிருந்து வழுக்கியது. அடியில் ஏதோ நீளமாக உரசும் ஓசை கேட்டது. ஆனால் டயர் மண்ணை உதறிவிட்டு மறுபடி கவ்வியது, வண்டி நிற்கவில்லை. மேலே போய் இறங்கிக் குனிந்து பார்த்தேன். டிஃபரென்ஷியலின் அடிவயிற்றில் ஓர் உள்ளங்கை நீளத்துக்குச் செம்மண் பூசியிருந்தது.