எங்கள் கொல்லைக்கு எந்த அத்தி?

கடையில் சரமாகக் கோத்து விற்கும் அத்திப்பழம் என்றால் எனக்கு உயிர். அந்த ஆசையில்தான் திண்டுக்கல் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக் கொல்லையில் வைக்க, 'துருக்கி ரகம்' என்று சொல்லி விற்ற ஒரு கன்றை வாங்கி வந்தேன். மூன்றாம் வருடம் காய் பிடித்தது. கோலிக்குண்டு அளவு வந்ததும் மஞ்சளித்து ஒவ்வொன்றாக உதிர்ந்தது. தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன், எரு வைத்தேன். அடுத்த வருடமும் அப்படியே.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். துருக்கியின் பேர்பெற்ற உலர் அத்தி ஸ்மிர்னா வகை. மகரந்தம் சேர்ந்தால்தான் அதில் காய் நிற்கும். அதைக் கொண்டுவருவது ஆண் அத்தியில் வளரும் ஒரு பொடிக் குளவி. நம் நாட்டு அத்தியைப் பிட்டால் உள்ளே பூச்சி இருக்குமே, அது வேறு இனம், கடையில் விற்கும் இந்தச் சீமை அத்திக்கு ஆகாது.

ஆகவே இரண்டாம் முறை முதல் கேள்வி: மகரந்தம் இல்லாமல் காய்க்குமா? பூனா, டயானா, பிரவுன் டர்க்கி ஆகிய மூன்று ரகங்களும் காய்க்கும். பெயரில் டர்க்கி இருப்பதால் பயந்துவிட வேண்டாம்.

அடுத்து, பழத்தின் அடியில் இருக்கும் கண், அதாவது சிறு துளை. தெரிந்தவர் தோட்டத்தில் பிரவுன் டர்க்கியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கண் விரிந்து, எறும்பு உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. ஐப்பசி மழையில் அந்த வழியாக ஈரம் இறங்கினால் பழம் புளித்துவிடும். சரி, பூனாவே போதும் என்று முடிவெடுத்து அதில் ஒரு கன்று வைத்தேன்.

புனே அருகே புரந்தரில் இது பெயர்போன பயிர். 2016-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே மழைக்காலப் பழத்துக்கு 'கட்டா பஹார்', கோடைப் பழத்துக்கு 'மீட்டா பஹார்' என்று பெயர். புளிப்பும் இனிப்பும் பெயரிலேயே இருக்கிறது! ரகத்துக்குச் சமமாகப் பருவமும் முக்கியம் என்று எனக்குப் புரிந்தது இதில்தான். மழை ஓய்ந்ததும் மார்கழியில் கவாத்து செய்கிறேன். புதுத் துளிரில் காய் வந்து கோடையில் பழுக்கிறது.

பறிக்க அவசரப்படக் கூடாது. பறித்த பிறகு அத்தி மேலும் இனிப்பாகாது. காம்பு துவண்டு பழம் தலைகுனியும்போது, தோலில் மெல்லிய கீறல் விழும். அப்போது பறித்தால் தேன்தான். காம்பில் வடியும் பால் கையில் பட்டால் அரிக்கும்.

பழைய மரத்தை வெட்ட மனம் வரவில்லை. போன தையில் அதன் கிளையில் பூனா குச்சியை ஒட்டுக் கட்டினேன். இரண்டு துளிர் வந்திருக்கிறது.