லாக் எதைக் காக்கிறது? – திருப்பூர் நாட்குறிப்பு

ஜூன் 3, 2025

இந்த வாரம் முழுக்கத் துணி இருப்புக் கணக்குதான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் குடோன் சாஃப்ட்வேர் எங்கள் கைக்கு வந்திருக்கிறது. வேறு யாரோ கோ (Go) என்ற புரோகிராமிங் மொழியில் எழுதியது. சாயப்பட்டறையிலிருந்து வரும் ரோல்களைக் கிலோக் கணக்கில் வரவு வைத்து, கட்டிங் மாஸ்டர்கள் கேட்கக் கேட்கக் கழிக்க வேண்டும்.

கருநீலத் துணி 120 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு மாஸ்டர்கள் ஒரே நேரத்தில் ஆளுக்கு 80 கிலோ கேட்கிறார்கள். முதல் கோரிக்கை இருப்பைப் படிக்கிறது: 120, போதும். அது கழிப்பதற்குள் இரண்டாவதும் படிக்கிறது: 120, போதும். இரண்டு பேருக்கும் சீட்டு அச்சாகிவிடும். இரண்டுமே 120இல் 80 போக 40 என்று எழுதி வைக்கும். குடோனில் துணி தீர்ந்து இரண்டாவது மாஸ்டர் சண்டைக்கு நிற்பார், கணக்கில் மட்டும் 40 கிலோ மிச்சம் நிற்கும்.

டெஸ்ட்டில் இது சிக்குவதே அபூர்வம். ஷிஃப்ட் ஆரம்பிக்கும் நேரத்தில், எல்லாரும் ஒன்றாகக் கேட்கும்போதுதான் தலைகாட்டும்.

ஜூன் 5

கூட வேலை செய்யும் தம்பி கேட்டான்: "லாக் போட்டிருக்குதுங்களேண்ணா, அப்புறம் எப்படிங்க?"

போட்டிருக்கிறது, உண்மைதான். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தரவைத் தொடட்டும் என்று போடும் பூட்டுதான் லாக். ஆனால் எதற்குப் போட்டிருக்கிறது? ஒரு ஸ்ட்ரக்ட்டுக்குள் (சேர்த்து வைத்த தரவுத் தொகுப்பு) மியூடெக்ஸ், அதாவது அந்த லாக், ஒரு வரி, அதன் கீழே எந்தத் துணி எத்தனை கிலோ என்று வைக்கும் இருப்பு மேப் இன்னொரு வரி. இது அதைக் காக்கிறது என்ற செய்தி மனிதர்கள் படிக்க எழுதும் ஒரு கமெண்ட்டில் மட்டும் இருக்கிறது. கழிக்கும் ஃபங்க்ஷன் லாக் எடுக்கிறது. பின்னாளில் யாரோ சேர்த்த திருத்தும் ஃபங்க்ஷன் எடுக்காமலே மேப்பில் கை வைக்கிறது. புரோகிராமைச் சரிபார்த்து இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் வாயே திறக்கவில்லை.

இது கதவில் 'ஆள் உள்ளே' என்று அட்டை தொங்கவிடுவது மாதிரி. படிப்பவர் நிற்பார், படிக்காதவர் நேரே உள்ளே போவார்.

ரஸ்ட் (Rust) என்ற இன்னொரு மொழியில் இருப்பு மேப் மியூடெக்ஸுக்கு உள்ளேயே இருக்கும். லாக் எடுத்தால்தான் ஒரு கார்டு (guard, காவலாள் மாதிரி) கிடைக்கும், கார்டு வழியாகத்தான் மேப்பைத் தொட முடியும், கார்டின் ஆயுள் முடிந்ததும் லாக் தானாக விடுபடும். லாக் எடுக்க மறந்த கோட் கம்பைலே ஆகாது. சின்ன மாற்றம்தான். ஆனால் எது எதைக் காக்கிறது என்பது மனிதர்களின் ஞாபகத்திலிருந்து மொழிக்குள் வந்துவிட்டது. ரஸ்ட்டில் எனக்கு மிகப் பிடித்த விஷயமே இதுதான்.

ஜூன் 8, ஞாயிறு

வெளியே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று போடு போடென்று போடுகிறது. பழைய கட்டுரைகளோடு உட்கார்ந்தேன்.

இந்த யோசனை புதிதே இல்லை. பகிரும் தரவையும் அதைத் தொடும் செயல்களையும் ஒரே இடத்தில் அடைக்கும் மானிட்டர் என்ற அமைப்பு பற்றிக் கணினி விஞ்ஞானி டோனி ஹோர் 1974இலேயே எழுதிவிட்டார். இன்னொரு கணினி விஞ்ஞானி பெர் பிரிஞ்ச் ஹான்சன் அதைக் கன்கரண்ட் பாஸ்கல் என்ற மொழியாகவே 1975இல் வெளியிட்டார். பகிரும் தரவை மானிட்டர் வழியாக மட்டுமே தொடுகிறார்களா என்று அதன் கம்பைலரே பார்த்துக்கொண்டது. இருபது வருஷம் கழித்து ஜாவா வந்தது. ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் லாக் உண்டு, ஆனால் அதை எடுக்கச் சொல்லி சிங்க்ரனைஸ்டு (synchronized) என்று எழுதுவதும் விடுவதும் நம் இஷ்டம். 1999இல் பிரிஞ்ச் ஹான்சன் இதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். அவர் கோபம் நியாயம் என்றே நினைக்கிறேன். கையில் இருந்த தீர்வை விட்டுவிட்டு, அதன் சுமையை லட்சக்கணக்கான புரோகிராமர்கள் தலையில் ஏற்றிய முடிவு அது.

ஜூன் 12

"சேனலுக்கு மாத்திடலாமுங்களாண்ணா?" என்றான் தம்பி. புரோகிராமின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குத் தரவை அனுப்பும் குழாய்தான் சேனல். மெமரியைப் பகிர்ந்து பேசாதே, பேசிப் பகிர்ந்துகொள் என்பது கோ மொழிக்காரர்கள் அடிக்கடி சொல்வது. நல்ல அறிவுரைதான், ஆனால் அறிவுரை மட்டும்தான். சேனலில் ஒரு பாயிண்டரை, அதாவது தரவு இருக்கும் இடத்தின் முகவரியை, அனுப்பிவிட்டு, அனுப்பியவர் அந்தத் தரவையே மறுபடி மாற்றலாம், மொழி தடுக்காது. இப்படிப்பட்ட மோதலைக் கண்டுபிடிக்கும் ரேஸ் டிடெக்டர் கோ மொழியில் உண்டு, 1.1 பதிப்பிலிருந்து. அதுவும் அந்த ஓட்டத்தில் நிஜமாக நடந்த மோதலை மட்டும் காட்டும்.

எரிக்சன் கம்பெனியில் தொலைபேசி எக்சேஞ்சுகளுக்காக 1986 வாக்கில் தொடங்கிய எர்லாங் மொழியில் ஒவ்வொரு பிராசஸுக்கும் (தனித்தனியாக ஓடும் வேலை) தனி மெமரி. செய்தி பொதுவாக நகலாகவே போய்ச் சேரும். நகலெடுக்கக் கொஞ்சம் செலவாகும். ஒரு அழைப்பில் வந்த கோளாறு பக்கத்து அழைப்பைக் கெடுக்காமல் இருக்க அந்தச் செலவு தகும். ரஸ்ட்டில் நகலே வேண்டாம், அனுப்பியதும் உரிமை கை மாறிவிடும். அதற்குப் பிறகு தொட்டால் கம்பைலர் பிடித்துக்கொள்ளும்.

ஜூன் 17

அதற்காக ரஸ்ட்டுக்கு மாற்றினால் எல்லாம் தீர்ந்தது என்று தம்பியிடம் சொல்ல மனம் வரவில்லை. லாக் எடுத்து 120ஐப் படித்து, விட்டுவிட்டு, மறுபடி லாக் எடுத்து 40ஐ எழுதினால் ரஸ்ட்டிலும் அதே இரண்டு சீட்டு வரும். ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு த்ரெட் மெமரியில் ஒரே இடத்தை முறையில்லாமல் தொடுவதை மொழி தடுக்கும். படிப்பதும் கழிப்பதும் பிரிக்க முடியாத ஒரே வேலை என்பது அதற்கு எப்படித் தெரியும்? ஒருவர் லாக்கை இன்னொருவர் விடட்டும் என்று இருவரும் காத்து நின்றுபோகும் டெட்லாக்கையும் அது தடுப்பதில்லை. அதெல்லாம் துணியையும் சீட்டையும் தெரிந்த நம் வேலை.

ஆகவே கோ மொழியிலேயே இருப்பைத் தனிப் பேக்கேஜாகப் பிரித்துவிட்டோம். மேப் வெளியே தெரியாது. இருப்பைப் பார்த்துவிட்டு அப்புறம் கழிக்கும் வழியே கிடையாது. இத்தனை கிலோ இருந்தால் கழி, இல்லாவிட்டால் இல்லை என்று சொல், அவ்வளவுதான். திருத்தும் ஃபங்க்ஷனும் இனி இந்த வழியாகத்தான் வர வேண்டும். தம்பி இன்று மத்தியானமே எழுதி முடித்துவிட்டான். அடுத்து சாயப்பட்டறை வரவுப் பக்கம். அங்கே ஒரே ரோலை இரண்டு பேர் ஸ்கேன் செய்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும்.