ரேகை விழாத விரல்: அம்மாவின் உயிர்வாழ் சான்றுக்கு அலைந்த கதை

அம்மா ஆலங்குளம் பக்கத்தில் முப்பது வருஷம் பீடி சுற்றியவர். பி.எஃப். பிடித்தம் இருந்ததால் இப்போது மாதம் ஆயிரத்துச் சொச்சம் பென்ஷன் வருகிறது. யாரிடமும் கை நீட்டாமல் அவர் மாத்திரை வாங்கிக்கொள்ளும் காசு அது. வருஷம் ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்காவிட்டால் நின்றுவிடும். போன வருஷம் நின்றுவிட்டது.

காரணம், ரேகை விழவில்லை. கம்ப்யூட்டர் சென்டரில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தோம், கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் திரும்பவும் வைத்தோம், ஒவ்வொரு தடவையும் ஆங்கிலத்தில் ஒரு வரியும் 300 என்ற எண்ணும்தான் வந்தன. ஆதார் பதிவோடு ரேகை ஒத்துப்போகவில்லை என்று அதற்கு அர்த்தமாம், அதைக்கூட அங்கே யாரும் சொல்லவில்லை, "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அம்மாவின் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தேன். இலையை உருட்டி, முனையை மடக்கி, நூல் சுற்றியே வழவழவென்று ஆகியிருந்தது. "எய்யா, இந்த வெரலு தேஞ்சதுக்குத்தான பென்சனே தாராவ, அதையே இல்லைன்னா எப்படி?" என்றார்.

அப்புறம்தான் முகத்தைக் காட்டியும் சான்று எடுக்கலாம் என்று தெரிந்தது. பி.எஃப். பென்ஷன்காரர்களுக்கு 2022 ஜூலையிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. போனில் ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண் என்று இரண்டு ஆப் ஏற்ற வேண்டும். முதலில் போன் வைத்திருப்பவர் தன் முகத்தைக் காட்டிப் பதிய வேண்டும், பிறகு பென்ஷன்காரரின் ஆதார் எண், பி.பி.ஓ. எண் (பென்ஷன் உத்தரவில் இருக்கும் எண்) எல்லாம் போட்டு அவர் முகம். உள்ளே இருக்கும் செயற்கை நுண்ணறிவு, முன்னால் இருப்பது போட்டோவா உயிருள்ள ஆளா என்று பார்க்கக் கண் சிமிட்டச் சொல்லும்.

இரண்டு தடவை எடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம். சரி என்று வாசல்படியில் தெருவைப் பார்க்க உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். மூன்றாவது தடவை பச்சை வட்டம் வந்தது. நின்றுபோன மூன்று மாதப் பணமும் சேர்ந்தே வந்தது.

சந்தோஷத்தில் பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் எடுத்துக் கொடுக்கப் போனேன். ஆச்சிக்கு ஒரு இமை சரியாக மூடாது. எத்தனை தடவை சிமிட்டினாலும் அந்த ஆப் ஏற்கவே இல்லை. அம்மாவுக்குக் கதவைத் திறந்த அதே மிஷின் ஆச்சிக்குச் சாத்திவிட்டது, இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மிஷின் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் சிலரை விட்டுவிடும், விடுபடுகிறவர்கள் பெரும்பாலும் உடம்பைத் தேய்த்து உழைத்தவர்கள்தான். ஆளை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், ஏன் எடுக்கவில்லை என்பதைத் தமிழில் சொல்லவும் வேண்டும்.

ஆச்சியை ஆட்டோவில் பேங்குக்குக் கூட்டிப் போனோம். மேனேஜர் அவரைப் பார்த்தார், பாஸ்புக்கைப் பார்த்தார், மிஷினில் எடுக்கவில்லை என்ற காரணத்தையும் எழுதிக் காகிதச் சான்றில் கையெழுத்துப் போட்டார். பத்து நிமிஷ வேலை. பி.எஃப். பென்ஷனுக்குச் சான்று கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும், அதனால் இரண்டு பேருடைய தேதியையும் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.