கடையில் வண்டல், கடற்கரையில் டீ

ஜனவரி 5, 2025, ஞாயிறு

இன்றும் கடையைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். தென்பெண்ணை வெள்ளம் வடிந்து ஒரு மாதமாகிறது. சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி. மெக்கானிக் ஜெராக்ஸ் மெஷினின் பக்கக் கதவைக் கழற்றினார். டிரம்மைச் சுற்றி வண்டல் காய்ந்து ஓடாகியிருந்தது. நகத்தால் சுரண்டியதும் டோனரோடு சேர்ந்து கரி மாதிரி உதிர்ந்தது. "இதுல செலவு பண்ணாதீங்க சார்" என்றார். அந்த மெஷினுக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி.

பார்க்கிறவர்கள் எல்லாம் "எவ்வளவு லாஸ்?" என்கிறார்கள். பதிலை மனப்பாடமே பண்ணிவிட்டேன். ஒப்பிக்க ஒப்பிக்கத் தொகை கூடுவது போலிருக்கிறது.

ஜனவரி 7, செவ்வாய்

மூன்று மணிக்கு விழிப்பு. விடியும்வரை வட்டிக் கணக்கு.

ஜனவரி 8, புதன்

ஒரு மாதமாகப் போகாத கடலூர் சில்வர் பீச் நடைக்கு இந்த வாரம்தான் மறுபடி போகிறேன். நாங்கள் ஆறு பேர். தேவனாம்பட்டினத்து மணலில் ஒரு சுற்று, அப்புறம் டீ. காசு முறை வைத்துக் கொடுப்போம். இன்று என் முறை. பையில் கை விடுவதற்குள் பத்திர எழுத்தர் அண்ணன் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கிரிக்கெட் பேச ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்து வேட்டி மாற்றும்போதுதான் உறைத்தது. கடை பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலில் கோபம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஜனவரி 11, சனி

பாண்டியில் உளவியல் படிக்கும் மகள் வந்திருக்கிறாள். டீக்கதையைச் சொன்னேன். "அப்பா, இதைப் பத்தி ஒரு ஆராய்ச்சியே இருக்கு" என்றாள். 2000-ல் வெளியானதாம். நியால் போல்ஜர் என்பவரும் கூட்டாளிகளும் செய்தது. நியூயார்க்கில் வக்கீல் தேர்வுக்குப் படித்தவர்களையும் அவர்களுடைய துணைகளையும் தினமும் டைரி எழுத வைத்திருக்கிறார்கள். துணை "உதவினேன்" என்று எழுதி, படிப்பவர் அதைக் கவனிக்காமலே விட்ட உதவிதான் மனச்சோர்வைக் குறைத்ததாம். உதவி கிடைத்தது என்று படிப்பவரே எழுதிய நாட்களில் சோர்வு கூடத்தான் செய்ததாம். உதவி வாங்குகிறோம் என்று தெரிந்ததும் "நம்மால் முடியலையே" என்ற நினைப்பும் வந்துவிடும் போல. எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.

தானே புயல் நினைவுக்கு வந்தது. 2011 டிசம்பர் 30. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்தன. எங்கள் தெருவில் 15 நாள் கரண்ட் இல்லை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து, வீடு வீடாக மோட்டார் ஓட்டி டேங்க் நிரப்பினோம். அன்றைக்கும் இழப்பு பெரிதுதான், ஆனால் நன்றாகத் தூங்கினேன். எல்லார் வீட்டு ஓடும்தான் பறந்திருந்தது. இந்தத் தடவை தெருவின் இந்தப் பக்கம் வெள்ளம், மேடான அந்தப் பக்கத்தில் வாசல்கூட நனையவில்லை. வெட்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 2005 லண்டன் குண்டுவெடிப்பில் தப்பியவர்களிடம் ஜான் டிரூரி என்பவர் பேசிப் பார்த்தாராம். ஒரே ஆபத்தில் மாட்டிக்கொண்டோம் என்ற எண்ணமே முன்பின் தெரியாதவர்களை "நாம்" ஆக்கிவிட்டது என்று மகள் சொன்னாள். அந்த "நாம்" இந்த வருஷம் எங்கள் தெருவில் பாதியில் நின்றுவிட்டது.

ஜனவரி 13, போகி

நனைந்து ஒட்டிப்போன கணக்கு நோட்டுகளை மகள் எரிக்க எடுத்தாள். கடன் பக்கங்களை மட்டும் பிரித்து வாங்கிக்கொண்டேன்.

மதியம் பத்திர எழுத்தர் அண்ணன் வந்தார். "எனக்கு ஆன்லைன்லாம் வரலப்பா. பொங்கல் முடிஞ்சதும் தினம் ரெண்டு மணி நேரம் வந்து வில்லங்கச் சான்று விண்ணப்பமெல்லாம் போட்டுக் குடுக்கறியா? ஆள் இல்லாம திண்டாடறேன்." போன வருஷம் எனக்கே அதில் ஒரு குறுக்குவழி சொல்லித் தந்தவர் அவர். சரி என்றேன். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

டீக்கடையில் இன்று நான் முந்திக்கொண்டேன். ஆறு டீ, 72 ரூபாய். ஒருவரும் தடுக்கவில்லை. அண்ணன் இன்னொரு பிஸ்கட் எடுத்து, "இதையும் சேர்த்துக்கோ" என்றார்.